விதை இல்லாத பிளாஸ்திரி

பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் கூண்டின் தலைக்கும் சுவருக்கும் நடுவில் லிஃப்ட் மெக்கானிக் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். உயிருக்கு ஆபத்து ஒன்றுமில்லை, கரண்டை நிறுத்திவிட்டுத்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இருபது வருடமாக அந்த இடுக்கு வழியாகத்தான் அவர் ஏறி இறங்கினார். இடுக்கு அப்படியேதான் இருந்தது, அவர்தான் வளர்ந்துவிட்டார். கூட வேலை செய்பவர் மேலிருந்து இழுக்க, வாட்ச்மேன் கீழிருந்து தள்ள, கடைசியில் கிரீஸ் தடவி வெளியே எடுத்தார்கள். சட்டையில் நான்கு பொத்தான் போயிற்று.

மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொன்னார்: "மூணு மாசம் டைம் தர்றேன். இளைச்சு வந்தா மேல ஏறுங்க. இல்லன்னா ஸ்டோர்ல உக்காந்து நட்டு போல்ட்டு எடுத்துக் குடுங்க. எனக்கும் வேற வழியில்ல."

பொத்தான் போன சட்டை அவர் மனைவியிடம் வந்தது. அவளுக்குக் கடைத்தெருவில், வீட்டு முன்பக்கமே ஒரு சின்ன அறை, இரண்டு மெஷின், ஆளுயரக் கண்ணாடி ஒன்று. புதுத்துணி தைப்பதில்லை. நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது, கிழிசல் மறைப்பது, இதெல்லாம்தான். தெருவே அவளைத் தையலக்கா என்று கூப்பிட்டது. ஊரார் உடம்பு ஏறி இறங்குவது அவளிடம் வராமல் போகாது. கல்யாணத்தின்போது முப்பத்திரண்டாக இருந்த தன் வீட்டுக்காரர் இடுப்பு நாற்பத்தாறுக்கு வந்த கதையோ அவள் ஊசிக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும். அவருடைய பேன்ட்டுகளில் பிரித்து விட இனி உள்தையல் மிச்சமில்லை.

அவர் பசி சாதாரணப் பசி இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் அடுத்து என்ன என்று கண் தேடும். டாக்டரிடம் கூட்டிப்போனாள். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இல்லை, தைராய்டு சரியாக இருக்கிறது, கொஞ்சம் பிரஷர் மட்டும். டாக்டர் ஒரு மாத்திரையும் ஒரு உணவுப் பட்டியலும் கொடுத்து, "அளவா சாப்பிடுங்க" என்றார். அளவு என்பது துணியில்தான் அவளுக்குத் தெரியும், இவர் வயிற்றில் டேப் வைக்க முடியுமா?

அவள் செய்யாத வைத்தியம் இல்லை. சின்னத் தட்டு வாங்கினாள், அவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு டம்ளர் வெந்நீர் கொடுத்தாள், குடித்துவிட்டு அதே பசியோடு உட்கார்ந்தார். வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தாள், காடியில் தேன் கலந்து கொடுத்தாள், பிஸ்கட் டப்பாவை மெஷின் டிராயருக்குள் ஒளித்துவைத்தாள். மெதுவாக மெல்லுங்கள் என்று எத்தனை வருடம் சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. எதற்கும் மசியவில்லை. ஆனால் உண்மையைச் சொல்வதானால், ஒரு பக்கம் திட்டிக்கொண்டே இன்னொரு பக்கம் அவர் சாப்பிடுவதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது. "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று கேட்காத வேளை கிடையாது.

வழி சொன்னது நாத்தனார். அவர் தங்கை. "அண்ணி, எங்க ஆபீஸ் பக்கத்துல ஒரு அம்மா இருக்காங்க. காதுல சின்னச் சின்ன விதை ஒட்டி விடுறாங்க. பசி அடங்குதாம். அண்ணன அனுப்பிப் பாருங்களேன்."

தையலக்கா சிரித்தாள். "காதுல பூ சுத்துறவங்களப் பாத்திருக்கேன். இவங்க விதையே போட்டுடுறாங்களா?"

ஆனாலும் அவர் போனார். சாவி வெட்டுகிற கடைக்கு மேலே இரண்டாவது மாடி, வியாழக்கிழமை சாயங்காலம். திரும்பி வந்தபோது இடது காதில் தோல் நிறத்தில் நான்கு குட்டிப் பிளாஸ்திரி, ஒவ்வொன்றின் அடியிலும் கடுகளவு ஒரு கறுப்பு விதை. பசிக்கிறபோது அதை அமுக்க வேண்டுமாம், அமுக்கிக்கொண்டே பத்து நிமிடம் சும்மா உட்கார வேண்டுமாம். பசி ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுத வேண்டுமாம். கைக்குட்டையில் புதினா எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மோந்து பார்க்க வேண்டுமாம்.

"டாக்டர் மாத்திரைய நிறுத்தச் சொன்னாங்களா?" என்று கேட்டாள். நிறுத்தச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடித்துவிடலாம் என்று ஓர் ஆசை.

"இல்ல. அத நிறுத்தவே கூடாதுன்னாங்க. ரத்த ரிப்போர்ட்டப் பாத்துட்டுத்தான் காதையே தொட்டாங்க."

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் சோற்றைப் பாதியில் நிறுத்தினார். காதை அமுக்கினார். கண்ணை மூடினார். பிறகு தட்டை மெல்ல ஒரு விரற்கடை தள்ளி, "போதும்" என்றார்.

இருபத்தாறு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கரண்டியைப் பிடித்தபடி நின்றவளுக்குத் தன் வீட்டுக்குள் யாரோ வந்து சாமான்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

அதிலிருந்து தொடங்கியது. அவருடைய வயிறு அடங்க அடங்க இவளுடைய வயிறு எரிந்தது.

"அவங்க சொல்றாங்க, பசி அலை மாதிரியாம். ஏறும், கொஞ்ச நேரம் நின்னா தானா இறங்கிடுமாம்."

"அவங்க சொல்றாங்க, ஒரு வாய்க்கு இருபது தடவை மெல்லணுமாம்."

தையலக்கா தட்டை நங்கென்று வைத்தாள். "இத நான் பதினஞ்சு வருஷமா சொல்லலையா?"

"நீ சொன்னா திட்டுற மாதிரி இருக்கும்" என்றார் அவர், எந்தக் கபடமும் இல்லாமல். கபடத்தோடு சொல்லியிருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அந்த அம்மாவுக்கு அவள் காதுக்காரி என்று பெயர் வைத்தாள். ஒல்லியான உடம்பு, உயரம், தணிந்த குரல், வெள்ளை உடை என்று மனசுக்குள் ஒரு உருவத்தைத் தைத்து, தினமும் அதற்கு ஒரு மடிப்பு சேர்த்துக்கொண்டே போனாள். புதினா வாசனை பீரோவிலிருந்து வந்தது, தலையணையிலிருந்து வந்தது. வியாழக்கிழமை ஆனால் அவர் துவைத்த சட்டையாக எடுத்துப் போட்டுக்கொண்டார். நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் பக்கத்தில் போனால், மூடுவது தெரியாதபடி மெதுவாக மூடினார். பேன்ட் லொடலொடவென்று வந்தது. அதைப் பிடிக்க வேண்டியவளும் அவள்தான். நாற்பத்தாறை நாற்பத்துமூன்றாக்கும்போது, இன்னொருத்தி செய்த வேலைக்குத் தான் ஓரம் அடித்துக்கொடுப்பதாக நினைத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தே வைத்தாள். கோழியை முழுசாக வறுத்தாள், உருளைக்கிழங்கை நெய்யில் புரட்டினாள், இரண்டு வகை இனிப்பு செய்தாள். தெருமுனை வரை வாசனை போயிற்று. அவர் ஒரு துண்டு கோழியைக் கண்ணை மூடி மென்று, "என்ன ருசி. இத்தன நாளா நான் அவசரத்துல இதெல்லாம் கவனிக்கவே இல்ல பாரு" என்றார். அப்புறம் காதை அமுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். மிச்சத்தை நாத்தனார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். நாத்தனார் போன் பண்ணி, "பாத்தீங்களா அண்ணி, நான் சொன்னேன்ல" என்றது வேறு.

பிளாஸ்திரி குளிக்கும்போது இரண்டு நாளுக்கு ஒருமுறை நனைந்து விழும். காதுக்காரி ஒரு சின்ன அட்டையில் புதிது கொடுத்தனுப்பியிருந்தாள். கண்ணாடி பார்த்து ஒட்டிக்கொள்ள அவருக்கு வரவில்லை. தடித்த விரல். "நீதான் கை நுணுக்கமான ஆளு, ஒட்டி விடேன்" என்று காலையில் நாற்காலியில் வந்து உட்காருவார். காதில் பேனாவால் குறி போட்டு அனுப்பியிருப்பார்கள். தன் வீட்டுக்காரர் காதில் இன்னொருத்தி வைத்த குறி மேல் விரல் வைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் காலை, பிளாஸ்திரியைப் பிரித்தாள். ஊசி முனையால் விதையைத் தட்டி விட்டாள். அது தரையில் எங்கோ உருண்டது. வெறும் பிளாஸ்திரியைக் காதில் ஒட்டினாள். நான்கையும் அப்படியே.

"ஆச்சா?"

"ஆச்சு."

அன்று முழுக்க மெஷினில் உட்கார்ந்து மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பசி திரும்பி வரும், அவர் தட்டை நீட்டுவார், அவள் "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்பாள். வேலை போய்விடுமே என்ற நினைப்பு வராமல் இல்லை. வந்தது, அதை ஓரமாக ஒதுக்கினாள். தப்பு என்று தெரிந்தே செய்தாள்.

சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்தார். வெறும் பிளாஸ்திரியை அமுக்கினார். பத்து நிமிடம் சும்மா இருந்தார். ஒரு தட்டு சாப்பிட்டு, "போதும்" என்றார். மறுநாளும் அப்படியே. இரண்டு வாரம் அவள் விதை இல்லாமலே ஒட்டினாள், இரண்டு வாரமும் அவர் அளவாகவே சாப்பிட்டார்.

அப்போது அவளுக்கு வேறொன்று பிடிபட்டது. விதையே இல்லாமல் பசி அடங்குகிறது என்றால் விதை வெறும் ஏமாற்று. காதுக்காரி நன்றாகக் காது குத்தியிருக்கிறாள். இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

புதன்கிழமை மத்தியானம் கடைக்கதவைச் சாத்திவிட்டுப் போனாள். சாவி வெட்டும் மெஷின் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த கடையைத் தாண்டி இரண்டு மாடி ஏறினாள். ஒரே அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் பெரிய காது படம். மேசைக்குப் பின்னால், அறுபதை நெருங்கிய ஒரு குண்டு அம்மாள், வீங்கிய காலை ஒரு முக்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, டப்பாவிலிருந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க. சாப்பிட்டு முடிச்சுடுறேன். பசியோட பசியப் பத்திப் பேசினா நல்லா இருக்காது" என்றாள் அந்த அம்மாள்.

தையலக்கா மனசுக்குள் தைத்து வைத்திருந்த உருவம் அங்கேயே தையல் விட்டுப் போயிற்று. ஆனால் எரிச்சல் குறையவில்லை, கூடிற்று. அழகியாக இருந்திருந்தால், சரி, ஆம்பளை புத்தி என்று ஒரு காரணமாவது சொல்லிக்கொள்ளலாம். இந்த அம்மாளிடம் அப்படி என்ன இருக்கிறது, தன்னிடம் இல்லாதது?

தான் யார் என்று சொன்னாள். விதையை எடுத்துவிட்டு இரண்டு வாரம் வெறும் பிளாஸ்திரி ஒட்டியதையும் சொன்னாள். "இப்பவும் அவர் கம்மியாத்தான் சாப்பிடுறார். அப்ப உங்க விதையில ஒண்ணுமே இல்லைல்ல?"

காதுக்காரி டப்பாவை மூடினாள். கோபப்படவில்லை.

"இருக்கலாம்" என்றாள். "சிலருக்கு விதை கேக்குது, சிலருக்குக் கேக்கல. ஏன்னு எனக்கே முழுசாத் தெரியாதும்மா. நான் டாக்டர் இல்ல. வர்றவங்ககிட்ட முதல்லயே இத சொல்லிடுவேன். ஆனா காத அமுக்குறதுக்காக ஒருத்தர் பத்து நிமிஷம் நின்னு யோசிக்கிறார் பாருங்க, அது எல்லாருக்கும் கொஞ்சம் கேக்குது."

"அப்புறம் எதுக்கு இங்க வாராவாரம்? ஒரு மணி நேரம் என்ன பண்றார்?"

"பேசுவார்."

"என்ன பேசுவார்?"

"அத நான் சொல்லக் கூடாது. அவர்கிட்டயே கேளுங்க."

"எங்கிட்ட பேச மாட்டாரே" என்று சொல்லிவிட்டாள். சொல்ல நினைத்து வந்தது இல்லை. வாய் தவறி வந்துவிட்டது. தன் தோல்வியைத் தானே அந்த அம்மாள் மேசையில் எடுத்து வைத்துவிட்டதாகத் தோன்றியது. விருட்டென்று எழுந்து படியிறங்கினாள். ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் வந்து, காதை அமுக்கி, சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். தட்டை எடுக்காமல் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லணும். ரெண்டு வாரமா வெறும் பிளாஸ்திரிதான் ஒட்டுறேன். விதைய எடுத்துட்டேன்."

"தெரியும்" என்றார் அவர்.

"தெரியுமா?"

"நட்டு போல்ட்ட விரலால தொட்டே சைஸ் சொல்றவன் நான். காதுல விதை இருக்கா இல்லையான்னு தெரியாதா? முதல் நாளே தெரியும்."

"அப்ப ஏன் கேக்கல?"

அவர் மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டினார், பிரித்தார். "கேட்டா கோவிச்சுக்கிட்டு ஒட்ட மாட்டேன்னுடுவ. நீ ஒட்டுறப்ப ரெண்டு நிமிஷம் பக்கத்துல நிப்ப. அது போயிடும்."

அவரே மேலே பேசினார், கூண்டின் மேல் நின்று கீழே பார்க்கிற ஆள் மாதிரி நிதானமாக. "நம்ம பொண்ணு கல்யாணமாகிப் போனதுக்கப்புறம் நாம என்ன பேசுறோம் சொல்லு. இன்னும் கொஞ்சம் வைக்கவான்னு நீ கேப்ப. வைன்னு நான் சொல்வேன். சாப்பிடுற வரைக்கும் எதிர்ல நிப்ப. போதும்னு சொன்னா தட்ட எடுத்துட்டு மெஷின்ல போய் உக்காந்துடுவ. அதான் நான் போதும்னு சொல்றதே இல்ல. எனக்கே இது தெரியாது. அங்க பேசப் பேசத்தான் வந்துச்சு."

வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் உருகியிருப்பாள். தையலக்காவும் பாதி உருகத்தான் செய்தாள். மீதிப் பாதி கேட்டது: "இத அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்க. எங்கிட்ட சொல்லல."

"இப்ப சொல்றேன்ல."

"ரெண்டாவதா சொல்றீங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "இனிமே அங்க போகாதீங்க" என்றாள்.

"இன்னும் நாலு வாரம் இருக்கு. முடிச்சுட்டுத்தான் நிப்பேன்" என்றார். குரலை உயர்த்தாமல் அவர் ஒரு விஷயத்தில் அப்படி உறுதியாக நின்று அவள் பார்த்ததில்லை. மறுநாள் காலை அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது, அட்டையிலிருந்து பிளாஸ்திரியை விதையோடு எடுத்து, குறி பார்த்து ஒட்டினாள். கொஞ்சம் அழுத்தியே ஒட்டினாள். அவர் "ஸ்" என்றார்.

நாலு வாரமும் வியாழக்கிழமைகள் அவளுக்கு முள்ளாகத்தான் போயின. போகாதீர்கள் என்று மறுபடி சொல்லவில்லை, அவ்வளவுதான். மூன்று மாதக் கெடு முடிந்த அன்று சூப்பர்வைசர் முன்னால் அவர் அந்தப் பழைய இடுக்கு வழியாக மேலே ஏறினார். வயிற்றை எக்கிக்கொண்டுதான், இருந்தாலும் ஏறிவிட்டார். இடுப்பு நாற்பத்தொன்று. முப்பத்திரண்டுக்கெல்லாம் இனி போகாது, போக வேண்டிய அவசியமும் இல்லை. நடுவில் இரண்டு மூன்று நாள் பழையபடி அள்ளிப்போட்டுக்கொண்டதும் உண்டு. மறுநாள் நோட்டில் எழுதிவிட்டு அடங்கினார்.

கடைசி வியாழக்கிழமை முடிந்து வந்தவரை அவள் விடவில்லை. "இந்த மூணு மாசமா அங்க என்னெல்லாம் பேசினீங்களோ, ஒண்ணு விடாம எனக்குச் சொல்லணும்."

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அவர் சொன்னார். அப்பாவின் கடை நொடித்துப்போய் சின்ன வயசில் அரைவயிற்றோடு பள்ளிக்கூடம் போனது. தன் பங்குச் சோறு தங்கைக்குப் போகும்போது வந்த கோபம், அதைப் பற்றி இன்றைக்கும் இருக்கிற வெட்கம். ஐந்து மணிக்கு டூல்பாக்ஸை மூடும்போது நெஞ்சில் ஏதோ காலியாவது. ஒவ்வொன்றையும் கேட்கும்போது அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, இதையும் எனக்கு முன்னாலேயே ஒருத்தி கேட்டுவிட்டாள் என்று சுருக்கென்றும் இருந்தது. பிரித்துத் தைத்த துணியைப் புதுசு என்று கையில் கொடுத்தால் எப்படியோ, அப்படி.

சொல்லி முடித்துவிட்டு அவர் சட்டிமூடியைத் திறந்து பார்த்தார். மறுபடி மூடினார்.

"இன்னொண்ணு இருக்கு. கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"எனக்குக் கத்திரிக்கா பிடிக்காது."

அவள் அவரைப் பார்த்தாள். "என்னது?"

"கத்திரிக்கா. கல்யாணமான மொத நாள்லேர்ந்தே பிடிக்காது. உனக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லல."

"வாரத்துக்கு ரெண்டு நாள் வெக்கிறேனே. பிஞ்சாப் பாத்துப் பொறுக்குவேனே. ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிடுவீங்களே."

"நான் எதத்தான் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிடல?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். இருபத்தாறு வருடத்துக் கத்திரிக்காயும் கண்முன்னால் வந்து குவிந்தது. கோபப்படலாமா என்று யோசித்தாள். அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டாக வேண்டியிருந்தது.

"இத அங்க சொன்னீங்களா?"

"எங்க?"

"அதான். அந்தம்மாகிட்ட."

"இல்ல. இத சொல்லல."

"நெசமாவா?"

"நெசமா. இத யார்கிட்டயும் சொன்னதில்ல."

தையலக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். சாப்பாட்டைச் சுட வைத்தாள். இரண்டு தட்டு எடுத்து வைத்து, முதல் தடவையாக அவரோடு கூடவே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மறுநாள் காலை காய்க்காரம்மாள் வழக்கம்போல் அவளுக்கென்று எடுத்து வைத்திருந்த பிஞ்சுக் கத்திரிக்காயைக் கூடையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"வேணாம்" என்றாள் தையலக்கா. காய் வாங்க நின்றிருந்த நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி, ஒரு நல்ல சேதியைச் சொல்கிற குரலில் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரருக்குக் கத்திரிக்கா பிடிக்காது."